பீட் போட்டது யாரென்று பாருங்கள்

கேள்வி: வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், கல்லூரி புதுச்சேரியில். தினமும் போக வர இரண்டு மணி நேரம் பஸ்ஸிலேயே போகிறது. எலக்ட்ரானிக், ஹிப் ஹாப் இரண்டும் பிடிக்கும். ஆனால் ஆப் சுற்றிச் சுற்றி அதே முப்பது பாட்டைத்தான் போடுகிறது. போன வாரம் ஒரு கஃபேயில் உறுமி மேளம், கோழி கத்தல், பிள்ளைகள் கூச்சல், நடுவில் ஒரு பெண்ணின் ராப் என்று ஒன்று ஓடியது. பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷாஸாம் ஆப்பும் கண்டுபிடிக்கவில்லை. இப்படிப் புதிதாக வருவதை எப்படித் தேடுவது? நண்பர்கள் குரூப்பில் லிங்க் போட்டால் யாரும் கேட்பதில்லை. நானே பாட்டுகளைக் கோத்து ஒரு மிக்ஸ் செய்து யூடியூபில் ஏற்றினேன், காப்பிரைட் என்று தடுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கோழியைப் பிடித்துவிடுவோம், தம்பி. நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது எம்.ஐ.ஏ.வின் 'பேர்ட் ஃப்ளூ'வாகத்தான் இருக்கும். 2007-ல் வந்த 'கலா' ஆல்பத்தில் இருக்கிறது. எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பெண். முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயரை வைத்தார், இரண்டாவதற்கு அம்மா பெயரை. 'கலா'வின் ஒரு பகுதி சென்னையில்தான் பதிவானது. நம் ஊர்த் திருவிழாவில் கேட்ட உறுமி உங்கள் காதில் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

ஷாஸாம் ஏன் திணறியது? அது பாட்டின் கைரேகை மாதிரி ஒன்றை எடுத்து, தன்னிடம் இருக்கும் பதிவுகளோடு ஒப்பிடுகிறது. டிஜே வேகத்தை ஏற்றிவிட்டாலோ இரண்டு பாட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டாலோ ரேகை குழம்பிவிடும். ஒரு பாட்டு மட்டும் தனியாக ஓடும் இடமாகப் பார்த்து மறுபடி அழுத்துங்கள். அதற்கும் சிக்கவில்லையென்றால் டிஜேயிடமே கேட்டுவிடுங்கள். மிக்ஸ் மாற்றும் நேரத்தில் போய் நிற்காமல், அவர் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கியதும் போங்கள். சொல்ல மறுத்த டிஜேவை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் தெரிந்ததும் எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். தேடல் அங்கேதான் தொடங்குகிறது. இந்த இரண்டு வகை இசையிலும் பீட், அதாவது பாட்டின் தாளமும் பின்னணி இசையும், போட்ட தயாரிப்பாளர்தான் பாதி ஆள். ஆப்பில் பாட்டின் மூன்று புள்ளியைத் தட்டினால் 'கிரெடிட்ஸ்' வரும். 'பேர்ட் ஃப்ளூ'வுக்கு எம்.ஐ.ஏ.வோடு ஸ்விட்ச் என்று ஒரு பெயர் இருக்கும். அவர் இங்கிலாந்துக்காரர், ஹவுஸ் என்ற எலக்ட்ரானிக் ஆட்ட இசை செய்பவர். அவர் பெயரைப் பிடித்துப் போனால் அமெரிக்க டிஜே டிப்ளோவோடு சேர்ந்து அவர் தொடங்கிய மேஜர் லேசர் குழு வரும். அங்கிருந்து ஜமைக்காவின் ஆட்ட இசையான டான்ஸ்ஹால் வரும். டிப்ளோ பக்கம் திரும்பினால் பிரேசிலின் ரியோ நகரத்து ஆட்ட இசையான ஃபங்க். அதே 'கலா'வின் முதல் பாட்டில் இளையராஜாவின் 'காட்டுக்குயிலு' துண்டாக வெட்டிப் போடப்பட்டிருக்கிறது. எந்தப் பாட்டில் எந்தப் பழைய பாட்டு ஒளிந்திருக்கிறது என்பதைத் தேடிப் பார்க்க ஹூசாம்பிள்ட் என்ற தளம் இருக்கிறது. அதற்குள் போனால் படிப்பு கெடும், எச்சரிக்கிறேன். ஒரே ஒரு கோழி கத்தலிலிருந்து ஜமைக்காவின் கிங்ஸ்டன், ரியோ, கோடம்பாக்கம் என்று மூன்று ஊர் வந்துவிட்டது பாருங்கள்.

தமிழிலும் இதே மாதிரி நூல் பிடித்துப் போகலாம். மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்ரா 2006-ல் வெளியிட்ட 'வல்லவன்' ராப் ஆல்பம் ஒரு முனை. ராப்பர் அறிவும் தயாரிப்பாளர் ஆஃப்ரோவும் 2019-ல் செய்த 'தெருக்குரல்' ஆல்பம் இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால், மிருதங்கம் வாசிக்கும் யாஞ்சனோடு சேர்ந்து செய்த ராப்களைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

எலக்ட்ரானிக்குக்கு ஒரு முனை வேண்டுமென்றால் சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் 303 (பேஸ் ஒலி எழுப்புவது), 808 (தாளம் போடுவது) இயந்திரங்களை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். அப்போது யாரும் சீண்டவில்லை. ஐந்து வருஷம் கழித்து சிகாகோவில் அதே 303-ஐத் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்று பேர் வைத்தார்கள். 2010-ல் அவருடைய ரெக்கார்ட் மறுபடி வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஆப் விஷயம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கா? அம்மா காலையில் பக்திப்பாட்டு, தங்கை ரீல்ஸ் பாட்டு, நீங்கள் டெக்னோ என்றால் அது பாவம் என்ன செய்யும்? தனிக் கணக்கு வையுங்கள், ஆட்டோப்ளேயை அணையுங்கள். ஸ்பாட்டிஃபை 30 விநாடி தாண்டினால்தான் கேட்டதாகக் கணக்கு வைக்கும். ஆகவே புதியதை அரை நிமிடமாவது ஓடவிடுங்கள்.

ஆனால் நான் தேடுவது பெரும்பாலும் பேண்ட்கேம்பில், கலைஞர்கள் தங்கள் இசையை நேராக விற்கும் தளம் அது. அங்கே ஒரு ஆல்பத்தைத் திறந்தால் அதை வாங்கியவர்களின் சின்னச் சின்ன முகப்படங்கள் பக்கத்தில் வரிசையாகத் தெரியும். ஒரு முகத்தைத் தட்டினால் அவர் காசு கொடுத்து வாங்கிய அத்தனையும் வரும். இதைவிட நல்ல சிபாரிசு எனக்குத் தெரியாது. காசு கொடுத்தவர் பொய் சொல்ல மாட்டார். ஏதோ ஊரில் யாரோ ஒருவர், நீங்கள் விரும்பும் மூன்று ஆல்பத்தை வாங்கியிருந்தால், அவருடைய நாலாவது உங்களுக்கும் பிடிக்க நல்ல வாய்ப்பு. கேட்க இலவசம். வாங்க நினைத்தால் உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்க வேண்டும், புதுக் கார்டுகளில் அது மூடியே வரும். 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' என்று சில வெள்ளிக்கிழமைகளை அறிவிப்பார்கள். அன்று தளம் தன் பங்கை எடுக்காது.

வகையின் பெயர் தெரியாமல் தேடுவது சிரமம். பதினைந்து விநாடிக்கு எத்தனை தட்டு என்று விரலால் எண்ணி நாலால் பெருக்குங்கள். 120 முதல் 130 வந்தால் அநேகமாக ஹவுஸ். 170-க்கு மேல் ஓடினால் ட்ரம் அண்ட் பேஸ். 90-ஐ ஒட்டி ஆடி அசைந்து வந்தால் பழைய பாணி ஹிப் ஹாப். எண்ணும்போது பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், விடுங்கள்.

பஸ்ஸைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் சவுண்ட் சர்வீஸில் பெட்டி தூக்கி ஆரம்பித்தவன், அதனால் இது எனக்கு உறுத்தும். 808 தாள இயந்திரத்தின் பேஸ், அதாவது கனத்த அடி ஒலி, 50 ஹெர்ட்ஸ் அளவில் உறுமுவது. போன் ஸ்பீக்கருக்கு அது வரவே வராது. பஸ் இன்ஜினின் இரைச்சலும் அதே கீழ்ப்பகுதியில்தான். முள்ளோடை தாண்டி கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் என்று டிரைவர் கியர் மாற்ற மாற்ற உங்கள் பாட்டின் அடித்தளம் காணாமல் போகும். வெறும் தகர டப்பா சத்தம் மிஞ்சும். அதைக் கேட்டு 'நன்றாக இல்லை' என்று தள்ளினால் பாட்டின் மேல் குற்றமில்லை. அதற்காக வால்யூமை ஏற்றாதீர்கள், காது போய்விடும். பஸ்ஸில் பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி வீட்டில், காதுக்குள் சரியாக உட்காரும் வயர் இயர்போனில் கேளுங்கள்.

குரூப்பில் யாரும் கேட்காததற்குக் காரணம், நீங்கள் ஒரே நாளில் ஏழு லிங்க் போடுவதாக இருக்கலாம். வாரத்துக்கு ஒன்று போடுங்கள். கூடவே இருபது விநாடி வாய்ஸ் நோட்: "டேய், 1:40-ல டிரம் நிக்கும், அப்புறம் என்ன வருதுன்னு மட்டும் கேளு." எங்கே கேட்க வேண்டும் என்று சொன்னால் கேட்டுவிடுவான். குரூப்பில் பொதுவாகப் போடுவதைவிட, அந்தப் பாட்டு யாருக்குப் பொருந்துமோ அவனுக்கு மட்டும் தனியாக அனுப்பினால் பதில் வரும். எம்பி3-ஆகப் பிடுங்கி அனுப்பாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை ஓடினால்தான் பணமே உண்டு. சின்னக் கலைஞர்களுக்கு உங்கள் குரூப்பின் பத்துப் பேரும் கணக்குதான்.

மிக்ஸ் தடைபட்டது உங்கள் தவறல்ல. யூடியூபில் எந்திரமே பொருத்திப் பார்த்து உரிமையாளருக்குச் சொல்லிவிடும். சிலர் விளம்பரக் காசை எடுத்துக்கொண்டு ஓடவிடுவார்கள், சிலர் தடுப்பார்கள். இது உரிமை கோரும் 'க்ளெய்ம்' மட்டுமே, கணக்கில் கரும்புள்ளி வைக்கும் 'ஸ்ட்ரைக்' அல்ல, கணக்குக்கு ஆபத்தில்லை. டிஜே மிக்ஸுக்கென்றே உரிமைத்தொகை கட்டி நடப்பது மிக்ஸ்கிளவுட், அங்கே ஏற்றுங்கள். சொந்தமாகப் பீட் செய்தால் சவுண்ட்கிளவுட். எங்கே ஏற்றினாலும் பாட்டு வரிசையைத் தயாரிப்பாளர் பெயரோடு எழுதுங்கள். உங்களைப் போல ஒருவன் எங்கோ ஷாஸாமை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

புதுச்சேரிக்குத் தினமும் வருகிறீர்கள், பிரெஞ்சு ராப்பை விடாதீர்கள். பிரான்ஸில் 1996 முதல் ரேடியோக்களில் 40 சதவீதம் பிரெஞ்சு மொழிப் பாட்டு போட வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் கொழுத்தது ராப். ராப்பர் எம்சி சோலார், மார்செய் நகரத்து ராப் குழு ஐயாம் இரண்டிலும் தொடங்குங்கள், மொழி புரியாவிட்டாலும் நடை புரியும். பிரான்ஸில் 1982-ல் தொடங்கிய தெரு இசை விழாவைப் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழி, கலாச்சார மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் ஜூன் 21-ஐ ஒட்டி நடத்துவது வழக்கம். குரூப்பில் இரண்டு பேரையாவது இழுத்துக்கொண்டு வாருங்கள். கடலூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.