தாதியர் கல்வி: எந்தப் படிப்பு, எந்தப் பதிவு?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் நான்கு ஒரே விடயத்தைப் பற்றியவை. மருத்துவமனை விடுதிகளில் தாதியாக வேலை செய்தும் பின்னர் பயிற்சி மாணவிகளுக்குக் கற்பித்தும் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது என்பதால், அவற்றுக்கு ஒன்றாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறேன். மருத்துவபீடத்துக்குப் புள்ளி போதாது. பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டநெறிக்கு விண்ணப்பிப்பதா, சுகாதார அமைச்சின் மூன்றாண்டுப் பயிற்சிக்குப் போவதா? அப்பா கமம் செய்கிறார். எனக்குப் பின்னால் இரண்டு பேர் படிக்கிறார்கள். படித்து முடித்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்ய விருப்பம்.
– ஒரு மாணவி, மல்லாவி

பதில்: இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள் மகள். ஒன்று கிடைத்துவிடும் என்று நம்பி மற்றதைக் கைவிட்டவர்கள் ஓராண்டையோ இரண்டாண்டையோ இழந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பட்டநெறிக்கு விண்ணப்பிப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு. அமைச்சின் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரப்படுவது அரச வர்த்தமானியில். இரண்டும் வெவ்வேறு காலத்தில் வருவன. ஒன்றின் முடிவுக்காக மற்றது காத்திருக்காது.

பட்டநெறி நான்கு ஆண்டு, ஆங்கிலத்தில் நடப்பது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பிலுள்ள சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடத்திலும், தெற்கே பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணை முதலிய பல்கலைக்கழகங்களிலும் அது உண்டு. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானதிலிருந்து, பக்கத்திலேயே படிக்கலாம் என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே தொடங்கிய பீடங்கள் பிரயோக விஞ்ஞானம், வணிகக் கல்வி, தொழினுட்பக் கல்வி ஆகியவையே. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா ஆகிய நான்கும் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால், மாவட்ட ஒதுக்கீட்டுக்கு மேலதிகமாக ஒதுக்கப்படும் 5 வீத இடங்களிலும் உங்களுக்குப் பங்குண்டு. ஆகவே, கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் சோர வேண்டாம்.

அமைச்சின் பயிற்சி மூன்று ஆண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமான பயிற்சிக் கல்லூரிகள் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் உள்ளன. விஞ்ஞானப் பிரிவில் மூன்று பாடச் சித்தி அடிப்படைத் தகுதி. சாதாரண தரப் பெறுபேறுகளையும் பார்ப்பார்கள். எந்த ஆண்டில் உயர்தரம் எழுதியவர்கள், வயதெல்லை, உயரம் போன்ற நிபந்தனைகள் வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறக்கூடியவை என்பதால், போன முறை தெரிவானவரின் சொல்லை நம்பாமல் இம்முறை வெளிவந்ததை நீங்களே வரிவரியாக வாசியுங்கள். பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு உண்டு. முடிந்ததும் அரச மருத்துவமனையில் தாதிய உத்தியோகத்தர் நியமனம் கிடைக்கும். அதற்கு ஈடாகக் கட்டாய சேவைக்கான ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். அந்த ஒப்பந்தத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாசித்த பிறகே பிணைக்கு ஆள் தேடுங்கள்.

இரண்டில் எது மேல் என்று பொதுவாகக் கேட்டால், பட்டம் பின்னாளில் கூடுதலான கதவுகளைத் திறக்கும் என்பேன். ஆனால் நீங்கள் பொதுவாகக் கேட்கவில்லை. அப்பாவின் கமத்தையும் பின்னால் படிக்கும் இருவரையும் சொல்லித்தான் கேட்டிருக்கிறீர்கள். காலபோகம் பொய்த்தால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு ஆண்டு கையில் சம்பளமில்லாமல் படித்து, அதன் பிறகு நியமனத்துக்கும் காத்திருக்க வேண்டி வரலாம். மகாபொல அல்லது பேசரி உதவிப்பணத்தோடு வீட்டால் அதைத் தாங்க முடியுமென்றால் பட்டநெறிக்குப் போங்கள். முடியாதென்றால், ஒரு துளியும் தாழ்வாக எண்ணாமல் அமைச்சின் பயிற்சிக்குப் போங்கள். உங்கள் இடத்தில் என் மகள் இருந்தால் நான் இரண்டாவதையே சொல்வேன். பதிவுபெற்ற தாதியாகச் சேவையில் இருந்துகொண்டே இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள் இன்று ஏராளம்.

ஊரில் வேலை செய்யும் விருப்பம் நல்ல விருப்பம். ஆனால் முதல் நியமனம் எங்கே கிடைக்கும் என்பதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது. தெற்கில் ஒரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் சிங்களம் தெரியாமல் ஒரு நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கூடக் கேட்க முடியாது. பெறுபேறு வந்து அழைப்பு வரும்வரை கிடைக்கும் மாதங்களில் சிங்களமும் ஆங்கிலமும் படியுங்கள்.

கணிதத்தையும் மறந்துவிடாதீர்கள். பயிற்சி மாணவிகள் முதல் ஆண்டில் தடுமாறியது உடற்கூற்றியலைவிட எளிய கணக்கில்தான். 500 மில்லிலீற்றர் சேலைனை 4 மணித்தியாலத்தில் ஏற்றும்படி வைத்தியர் எழுதுகிறார்; உங்கள் கையிலுள்ள குழாயில் 1 மில்லிலீற்றருக்கு 20 துளி. அப்படியானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி விழ வேண்டும். இதை இரவு இரண்டு மணிக்கு, அடுத்த கட்டிலில் ஒருவர் முனகிக்கொண்டிருக்கும்போது, பிழையில்லாமல் செய்ய வேண்டும்.

கேள்வி: மகள் உயர்தரத்தில் பௌதிகவியலில் சித்தியடையவில்லை. நகரத்தில் ஒரு தனியார் நிலையத்தில் ஆறு மாதத்தில் தாதியர் பயிற்சி தருவதாகவும், முடித்தால் வெளிநாட்டு வேலை நிச்சயம் என்றும் சொல்கிறார்கள். கட்டணத்துக்காக நகையை ஈடு வைக்க யோசிக்கிறோம். சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, நானாட்டான்

பதில்: ஐயா, நகையை ஈடு வைக்க முன் இந்தப் பதிலை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆறு மாதத்தில் எவரும் பதிவுபெற்ற தாதியாக முடியாது. இந்நாட்டில் தாதியர் பதிவு 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைத் தாதியர் பேரவையிடம் இருக்கிறது. அதன் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் உங்கள் மகள் தாதி. இல்லையென்றால், வெள்ளைச் சீருடை உடுத்தியிருந்தாலும் அவர் தாதி உதவியாளர் அல்லது பராமரிப்பாளர். அந்த வேலைகளில் குறைவொன்றும் இல்லை. முதியவரைக் குளிப்பாட்டி உணவூட்டும் கை மதிப்புக்குரிய கை. ஆனால் ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றை விற்பது பிள்ளையின் காலத்தைக் களவெடுப்பதற்குச் சமம். போரில் எல்லாவற்றையும் இழந்து, மிஞ்சிய இரண்டு பவுணைக் கொண்டு பிள்ளையை ஆளாக்க நினைக்கும் குடும்பங்களிடம் இது நடப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆறாத கோபம் வருகிறது.

தனியார் நிறுவனங்கள் எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. நேரில் போய், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். முடிவில் தரும் சான்றிதழில் என்ன பெயர் எழுதப்படும்? அதைக் கொண்டு தாதியர் பேரவையில் பதியலாமா? ‘ஆம்’ என்றால் அதை எழுத்தில் தரும்படி கேட்டு, பேரவையிடமும் நேரடியாக விசாரியுங்கள். பிறகு, எந்த மருத்துவமனையின் எந்த விடுதிகளில் பிள்ளை பயிற்சி பெறுவாள் என்று கேளுங்கள். இதற்கு மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம், ஏனெனில் கட்டிலருகே நிற்காமல், பொம்மையில் ஊசி போட்டு மட்டும் எவரும் தாதியத்தைக் கற்றதில்லை. மாரியில் வயலிலிருந்து ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்ததென்று கொண்டுவருவார்கள். அவரது இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்த்து உறைந்ததா என்று அறிவதும், விஷமுறி மருந்து ஏறும்போது மூச்சிலும் தோலிலும் இரத்த அழுத்தத்திலும் வரும் சிறு மாற்றத்தைக் கண்டு உடனே வைத்தியரை அழைப்பதும் விடுதியில் மூத்த தாதியின் பக்கத்தில் நின்று பழகுவன. வெளிநாட்டு வேலை பற்றி வாக்குத் தருபவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி பெற்றவரா என்பதையும், இடையில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் கேட்க வெட்கப்படாதீர்கள்.

என் யோசனை இது. உயர்தரம் மூன்று தடவை எழுதலாம். ஒரு பாடம் மட்டுமே தவறியிருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி பௌதிகவியல் வகுப்புக்குப் போதும். மகளுக்கு மீண்டும் எழுத உண்மையில் விருப்பமில்லையென்றால், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் பதிவுபெற்ற நிலையமொன்றில் பராமரிப்பாளர் பயிற்சியை, அது பராமரிப்பாளர் பயிற்சிதான் என்று தெரிந்துகொண்டே படிக்கட்டும்.

கேள்வி: கனடாவிலுள்ள என் தங்கை, “பிள்ளை இங்கே படித்துத் தாதியாகட்டும், இல்லையென்றால் அங்கே படித்துவிட்டு வரட்டும்” என்கிறாள். எது நல்லது?
– ஒரு தாய், வவுனியா

பதில்: கனடாவில் தாதியர் பதிவு நாடு முழுவதற்கும் ஒன்றல்ல; மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனி அமைப்பு. தங்கை ஒன்ராறியோவில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அங்கே தாதியரில் இரண்டு வகுப்பு உண்டு. பதிவுபெற்ற தாதியாவதற்கு 2005 முதல் நான்காண்டுப் பட்டம் வேண்டும். பதிவுபெற்ற நடைமுறைத் தாதி என்ற மற்ற வகுப்புக்குக் கல்லூரி டிப்ளோமா போதும். பொறுப்பும் சம்பளமும் அதற்கேற்பக் குறையும். இரண்டின் பெயரும் ஒன்றுபோல் ஒலிப்பதால் தங்கை எதைச் சொல்கிறார் என்று தெளிவாகக் கேளுங்கள். பட்டத்துக்குப் பிறகு, 2015 முதல், அமெரிக்காவில் தாதியர் பதிவுக்காக எழுதும் அதே என்கிளெக்ஸ் பரீட்சையையே ஒன்ராறியோவிலும் எழுதுகிறார்கள். அமெரிக்காவிலோ இரண்டு, மூன்று ஆண்டு இணைப் பட்டம் பெற்றவரும் நான்காண்டுப் பட்டதாரியும் அந்த ஒரே பரீட்சையை எழுதிப் பதிவுபெற்ற தாதியாகலாம். ஐக்கிய இராச்சியத்தில், வெளிநாட்டில் படித்து வரும் தாதிக்குக் கணினித் தேர்வொன்றும் செய்முறைத் தேர்வொன்றும் உண்டு. ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5 உம் மற்ற மூன்று பகுதிகளுக்கும் 7 உம் கேட்கிறார்கள்.

ஆகவே, கனடாதான் முடிந்த முடிவு என்றால், இங்கே படிப்பதானாலும் பட்டநெறியையே தெரிவு செய்யுங்கள். சர்வதேச மாணவியாக அங்கே போய்ப் படிப்பது, கட்டணத்தைத் தங்கை முழுமையாக ஏற்பதாக வாயால் அல்லாமல் கணக்கோடு சொன்னால் மட்டும் யோசிக்க வேண்டியது. இங்கே அரசு கற்பித்த பிள்ளை போய்விடுவதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. சிறுநீரக நோயால் வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்கு வரும் விவசாயிகள் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ஆனாலும் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. போவதானால், படித்த பாடங்களின் விவரம், விடுதிப் பயிற்சி மணித்தியாலங்களின் கணக்கு, பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றைப் படிப்பு முடிந்த கையோடு முத்திரையுடன் பெற்று வையுங்கள். பத்தாண்டு கழித்துத் தேடினால் அலுவலகங்களில் அவை கிடைப்பது அரிது.

கேள்வி: நான் ஆண் பிள்ளை. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஆண்களையும் சேர்ப்பார்களா?
– ஒரு மாணவர், ஒட்டுசுட்டான்

பதில்: சேர்ப்பார்கள் தம்பி. அரச சேவையில் ஆண் தாதிய உத்தியோகத்தர்கள் நீண்டகாலமாக இருக்கிறார்கள். விபத்துப் பிரிவிலும் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் மனநல விடுதியிலும் அவர்களுடைய பெறுமதி அங்கு வேலை செய்த எங்களுக்குத் தெரியும். முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாமல் படுத்திருக்கும் இளைஞர்கள் போருக்குப் பின் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். படுக்கைப்புண் வராமல் அப்படிப்பட்ட ஒருவரை இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தன் உடம்பைக் கழுவிவிட ஓர் ஆண் தாதி வந்து நின்றபோது, அதுவரை எங்களிடம் முகம் கொடுத்துப் பேசாத ஒரு பெடியன் முதல் தடவையாகத் தண்ணீர் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். வர்த்தமானி வந்ததும் அதில் சொன்ன முறையிலேயே விண்ணப்பத்தை அனுப்பி, அனுப்பியதற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.