ஒரே நாளில் ரோம்: ஏஜென்ட் சொல்வதில் எதை நம்பலாம்?

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு ஐரோப்பா குரூப் டூர் போகிறோம். ரோமுக்கு ஒரே ஒரு நாள், அதுவும் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு. கொலோசியம், வாடிகன், பாந்தியன், ட்ரெவி நீரூற்று எல்லாம் அன்றைக்கே என்று போட்டிருக்கிறார்கள். "ஞாயிறு அங்கே எல்லாம் ஃப்ரீ, டிக்கெட் பற்றிக் கவலையே வேண்டாம்" என்கிறார் ஏஜென்ட். அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி. சமாளிக்க முடியுமா? (வாசகி, மதுரை)

பதில்: அம்மா சமாளித்துவிடுவார். ஏஜென்ட் சொன்னதைத்தான் நம்ப முடியாது.

இலவச ஞாயிறு என்று ஒன்று உண்டு. ஆனால் உங்கள் ஞாயிறு அது இல்லை. கொலோசியம் (பழைய ரோமானிய அரங்கம்), பாந்தியன் (பழைய ரோமானியக் கோயில்) போன்ற இத்தாலிய அரசின் இடங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறுதான் இலவசம். வாடிகன் தனி நாடு, அதன் கணக்கும் தனி. அங்கே மியூசியத்துக்கு ஞாயிறு விடுமுறை. கடைசி ஞாயிறு மட்டும் காலை 9 முதல் மதியம் 2 வரை இலவசமாகத் திறந்திருக்கும், 12.30-க்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். அந்தக் கடைசி ஞாயிறு ஈஸ்டராக இருந்தால் அதுவும் கிடையாது. ஜூன் 29, டிசம்பர் 25, 26 ஆகிய தேதிகளில் விழுந்தாலும் கிடையாது. முதல் ஞாயிறும் கடைசி ஞாயிறும் ஒரே நாளாக வரவே வராது. ஆகவே இரண்டையும் ஒரே நாளில் இலவசமாகப் பார்க்க எந்த மாதத்திலும் வழியில்லை. இதைக் காலண்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம், ஏஜென்ட் ஏன் பார்க்கவில்லை என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் தேதியில் கொலோசியத்துக்குக் காசு உண்டு, சாதாரண டிக்கெட் 18 யூரோ. பாந்தியனுக்கும் 2023 முதல் கட்டணம் உண்டு. வாடிகன் மியூசியம் பூட்டியிருக்கும். மைக்கேலாஞ்சலோ கூரையில் ஓவியம் வரைந்த சிஸ்டைன் சேப்பலுக்கு மியூசியம் வழியாகத்தான் போக வேண்டும், அதனால் அதுவும் இல்லை. அந்தக் கூரையைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் தேதியை மாற்றச் சொல்லுங்கள்.

அப்படியானால் திட்டத்தில் இருக்கும் 'வாடிகன்' எது? பெரும்பாலும் புனித பேதுரு சதுக்கம். அங்கே நிற்க யாருக்கும் காசு வேண்டாம். பேராலயத்துக்கும் கட்டணம் இல்லை, ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை நீளும். போப் ஊரில் இருக்கும் ஞாயிறுகளில் நண்பகல் 12 மணிக்கு ஜன்னலில் தோன்றி ஆசி வழங்குவார். அந்த நேரத்தில் சதுக்கம் நிரம்பிவிடும், காலையிலேயே போய்விடுவது நல்லது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலைக்குப் பிரச்சினையே இல்லை. அரைக்கால் சட்டை போட்டு வருபவர்களைத்தான் வாசலில் நிறுத்துவார்கள்.

குரூப் டூர்களில் நான் பார்க்கும் பெரிய பொறி இதுதான்: இடத்தின் பெயர் இருக்கும், உள்ளே போவோமா என்பது இருக்காது. 'பனோரமிக் டூர்' என்றால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பது. 'போட்டோ ஸ்டாப்' என்றால் இறங்கிப் படம் எடுத்துவிட்டு ஏறுவது. நுழைவுக் கட்டணம் சேர்த்தி என்று எழுத்தில் இல்லாத எதற்கும் நீங்கள் உள்ளே போகப் போவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்க ஒரு வழி உண்டு. கொலோசியம் டிக்கெட் இப்போது பார்வையாளரின் பெயரில்தான் தருகிறார்கள், அடையாள ஆவணத்தோடு பெயர் ஒத்துப்போக வேண்டும். "எங்கள் பெயரில் எத்தனை மணிக்கு டிக்கெட்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் டிக்கெட் எடுக்கவில்லை என்று அர்த்தம். வாசலில் வரிசையைத் தாண்டி அழைத்துப் போகிறேன் என்று வருபவர்களிடம் வாங்காதீர்கள். எந்த டிக்கெட்டும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட வைக்காது. டிக்கெட்டுகளை மென்பொருள் வைத்து மொத்தமாக அள்ளி, கூடுதல் விலைக்கு விற்ற விவகாரத்தில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இத்தாலிய ஆணையம் 2025-இல் ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் போட்டது. நம் ஊரில் டூர் நடத்த மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம்கூடக் கட்டாயமில்லை, விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம்!

சரி, அம்மா விஷயம். 2019 முதல் டூர் பஸ்கள் ரோமின் பழைய நகர மையத்துக்குள் நுழையக் கட்டுப்பாடு உண்டு. ட்ரெவிக்கும் பாந்தியனுக்கும் தள்ளி இறக்கிவிடுவார்கள், மீதி நடைதான், அதுவும் கருங்கல் பாவிய மேடுபள்ளத் தெருவில். கொலோசியத்துக்குள் லிஃப்ட் இருக்கிறது. பக்கத்திலுள்ள ஃபோரம் என்ற பழைய ரோமின் இடிபாடுகள்தான் முழங்காலுக்கு ஆகாது. அதை அம்மா விட்டுவிடலாம், நஷ்டமில்லை. மாலை நடைக்குப் பதிலாக டாக்ஸி ஸ்டாண்டில் நகராட்சி உரிமம் பெற்ற வெள்ளை டாக்ஸி பிடித்து, மீட்டர் போடச் சொல்லி நேரே ட்ரெவிக்கு வந்துவிடுங்கள். டூர் மேனேஜரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தெருக் குழாய்களில் குடிநீர் இலவசம், பாட்டிலை மட்டும் எடுத்துப் போங்கள்.

பஸ் காத்திருக்கும் என்று நினைத்துப் பிந்தாதீர்கள். டிரைவருக்குப் பொதுவாக நாளுக்கு 11 மணி நேரம் தொடர் ஓய்வு தர வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம், பஸ்ஸில் உள்ள கருவி எல்லாவற்றையும் பதிவு செய்யும். காலையில் 45 பேரில் நாலு பேர் தாமதித்தால், மாலையில் வெட்டுப்படுவது ட்ரெவிதான்.

எதற்குள் நுழைவு, எதற்கு இல்லை என்பதை முழுப் பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சைப் பிறகு நிரூபிப்பது கடினம். எழுத்தில் தந்துவிட்டு ஏமாற்றினால், நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மதுரையிலேயே வழக்குப் போடலாம்.