இடுப்பில் மறையும் சின்ன ரிவால்வர்: எல்லையோரத் தோட்டக்காரர்களின் கேள்வி பதில்

போடி, ஏலத் தோட்டம்: அண்ணே, சனிக்கிழமை சம்பளப் பணத்தோடு போடிமெட்டு வழியா ஜீப்பில் ஏறணும். லைசென்ஸ் வந்தாச்சு. நிர்பீக்கா, பிரபலா?

பதில்: இரண்டும் .32 போர் (அங்குலத்தில் குழல் துளை அளவு) ரிவால்வர்தான் தம்பி. 2014இல் வந்த நிர்பீக் சுமார் 500 கிராம், 2023இல் வந்த பிரபல் சுமார் 700 கிராம். கடையில் கையில் வாங்கிப் பார்த்தால் லேசானதுதான் மனசுக்குப் பிடிக்கும். சுடும்போதுதான் வித்தியாசம் தெரியும். உதையைத் தாங்குவது துப்பாக்கியின் எடை. அது குறைந்தால் மிச்ச உதை மணிக்கட்டுக்கு வரும், அடுத்த குண்டுக்குக் குறி சேரத் தாமதமாகும். .32இன் உதை பெரிதில்லை என்றாலும், கை நோகாத துப்பாக்கியோடுதான் பயிற்சி தொடரும். இடுப்பில் கட்டுவதாக இருந்தால் பிரபல் எடுங்கள். அதன் சிலிண்டர், அதாவது தோட்டாக்கள் நிற்கும் சுழல் உருளை, பக்கவாட்டில் திறக்கும். மூடும்போது மணிக்கட்டைச் சுண்டி அடிக்காதீர்கள்; சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிட்டால் தோட்டா குழலுக்கு நேராக நிற்காது.

கம்பம்: சின்னது மறைக்கச் சுலபம். நஷ்டம் என்ன?

பதில்: மறைப்பதில் கிடைக்கும் லாபத்தைச் சுடுவதில் கொடுத்துவிடுவீர்கள். குழல் குட்டையானால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறையும். கை மயிரிழை நகர்ந்தாலும் குண்டு வெகுதூரம் விலகும். ஹேமரை (தோட்டாவை அடிக்கும் பின் சுத்தியலை) ஏற்றாமல் சுட்டால் விசையை நீளமாக, நான்கைந்து கிலோ இழுப்பு கொடுத்து இழுக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் குறி கீழே சரியும். காலித் தோட்டாவைத் தள்ளும் கம்பியும் குட்டை, அதனால் குழலை வானம் பார்க்கப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். இடது கை விரல் சிலிண்டருக்கு முன்னால் போகக் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் பீறிடும் வாயு தோலைப் பொசுக்கிவிடும்.

நல்லது ஒன்றும் உண்டு: தோட்டா வெடிக்கவில்லை என்றால் விசையை இன்னொரு முறை இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் அந்த வசதி இல்லை.

கூடலூர், பெண் வாசகர்: கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பையை ஜீப் சீட்டில் வைத்துவிட்டு இறங்குவது எல்லோருக்கும் நடப்பது, அதற்குள் பிள்ளைகள் கையை விடுவார்கள். சாவியோ பேனாவோ விசைக்குள் மாட்டினாலும் ஆபத்துதான். 2016 ஆயுத விதிகள் கேட்பதும் இதையே: கைத்துப்பாக்கி உறைக்குள் முழுதும் மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். விசைக்காப்பை முழுக்க மூடும் உறையோடு இடுப்போடு சேர்த்துக் கட்டும் பட்டை வாங்குங்கள்.

லோயர்கேம்ப்: சித்ரா பௌர்ணமிக்கு கண்ணகி கோயில் போகிறேன் ஐயா. கையோடு கொண்டு போகலாமா?

பதில்: வீட்டிலேயே பூட்டிவிட்டுப் போங்கள். அந்தப் பாதை பெரியாறு சரணாலயக் காட்டுக்குள் போகிறது. 1972 வனவிலங்குச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, எழுத்து அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டு போகக் கூடாது. கோயில் கூட்டத்துக்குள் எடுத்துப் போவதை லைசென்ஸ் நிபந்தனையும் தடுக்கிறது. சாதாரண நாளிலும் லைசென்ஸில் செல்லுபடி எல்லை எது என்று பாருங்கள். ‘தமிழ்நாடு’ என்று மட்டும் இருந்தால் குமுளி செக்போஸ்ட்டுக்கு அப்பால் அந்தத் தாள் உங்களைக் காக்காது. தோட்டம் கேரளத்தில் இருக்கிறது என்ற ஆதாரத்தோடு எல்லையை விரிவாக்க விண்ணப்பியுங்கள். வாங்குவதற்கு முன்பே இதை முடிப்பது நல்லது.

வண்டன்மேடு: யானை, பன்றிக்கு உதவுமா?

பதில்: உதவாது. .32 குண்டு காயப்படுத்தி வெறியேற்றும், நிறுத்தாது. ஜீப்பைப் பின்னால் எடுங்கள்.

வண்டன்மேடு: மழைக்காலத்தில் துரு பிடிக்குது அண்ணே.

பதில்: தோல் உறையில் போட்டே பூட்டி வைக்கிறீர்கள் போல. தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைக்கும். இரவில் தோட்டாக்களை எடுத்துவிட்டு, ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். பிறகு வெளியே துடைத்து, மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவு. சொட்டச் சொட்ட ஊற்றினால் எண்ணெய் தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் சின்னக் குப்பிக்குள் இறங்கி மருந்தைக் கெடுக்கும். காலித் தோட்டாவைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் பல்துலக்கும் பிரஷ் போடுங்கள். அங்கே எரியாத மருந்துத் துகள் ரெண்டு தங்கினாலே சிலிண்டர் இறுகிச் சுற்ற மறுக்கும். வியர்வையோடு மாதக்கணக்கில் இடுப்பில் கிடந்த தோட்டாக்களைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டு, புதியவற்றைப் போடுங்கள்.