நெருஞ்சியும் இருட்டும்: மாலை சைக்கிள் சவாரி, வாசகர் கேள்விகள்

கே: ஜூன் மாதத்திலும் எங்கள் கிளப் புதன்கிழமை மாலை 5.30க்குத்தான் கிளம்புகிறது. ஹேண்டில்பாரில் மாட்ட 400 லூமன் (வெளிச்ச அளவு) விளக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன். போதுமா? (வாசகர், சாட்ஸ்வர்த்)

தார் ரோட்டுக்குப் போதும், காட்டுப்பாதைக்குப் போதாது. தென்னாப்பிரிக்காவில் ஜூன் குளிர்காலம்; டர்பனில் ஜூன் கடைசியில் மாலை 5 மணி தாண்டியதுமே சூரியன் இறங்கிவிடுகிறது. டிசம்பரில் கிட்டத்தட்ட 7 மணிவரை வெளிச்சம் இருப்பதால் கோடையில் சேர்ந்தவர்களுக்கு இது உறைப்பதில்லை.

ஹேண்டில்பாருக்கு 800 முதல் 1000 லூமன் வாங்குங்கள். கையிலுள்ள 400ஐ, கனமில்லாததாக இருந்தால், ஹெல்மெட்டுக்கு ஏற்றிவிடலாம். இரண்டும் வேண்டும். ஹேண்டில்பார் விளக்கு சக்கரம் திரும்பிய பக்கம்தான் பார்க்கும். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று காட்டாது. ஹெல்மெட் விளக்கு கண் போகும் இடமெல்லாம் போகும், ஆனால் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே அடிப்பதால் நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் குழியும் மேடும் தட்டையாகத் தெரியும். அரை அடி ஆழமுள்ள வேர்ப்பள்ளம்கூடச் சமதரைபோல ஏமாற்றும். தாழ்வாக இருக்கும் ஹேண்டில்பார் விளக்குதான் அந்த நிழலைத் தருகிறது.

ஹெல்மெட் விளக்கின் கோணத்தை நின்றுகொண்டு சரிசெய்யாதீர்கள். சுவரில் சாய்ந்தபடி சைக்கிள்மேல் ஏறி, ஓட்டும்போது குனிவதுபோலக் குனிந்து திருப்புங்கள். ஏற்றத்தில் வெளிச்சத்தைக் குறைத்து, இறக்கத்துக்கு முழு வெளிச்சத்தை வையுங்கள். நின்று பேசும்போது முழு வெளிச்சம் வேண்டாம்: காற்றுப் படாமல் விளக்கு சூடேறித் தானே மங்கும், எதிரில் நிற்பவர் கண்ணும் கூசும். பின்சிவப்பு விளக்கு பாதையில் மினுக்க வேண்டாம். மங்கலாக நிலையாக எரியட்டும். நிறமில்லாத கண்ணாடி ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் ஈசல் கிளம்பினால் நெற்றி விளக்கைத்தான் தேடி வரும்.

கே: ஒரு சவாரிக்கு இரண்டு பஞ்சர். ட்யூப் மாற்றி மாற்றி அலுத்துவிட்டது. முள்தான் காரணம் என்கிறார்கள். (வாசகர், ஃபீனிக்ஸ்)

இங்கே எல்லோரும் டுவல்கி என்று திட்டுவது நம் ஊர் நெருஞ்சியைத்தான். அதன் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்து நிற்கும்.

ஒரே நாளில் இரண்டாவது பஞ்சர் பெரும்பாலும் புது முள் அல்ல. முதல் முள்ளின் நுனி டயருக்குள் முறிந்து நிற்கிறது. ட்யூப் மாற்றும்முன் டயரின் உள்பக்கம் பஞ்சு அல்லது பழைய துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். விரலால் தடவினால் முள் விரலுக்குப் போகும். கழற்றிய ட்யூபையும் பாருங்கள். பக்கத்துப் பக்கமாக இரண்டு கீறல், பாம்பு கடித்ததுபோல இருந்தால் முள்மேல் பழி போடாதீர்கள். காற்றுக் குறைவால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கியிருக்கிறது.

நிரந்தர வழி ட்யூப்லெஸ், அதாவது உள்ளே ட்யூப் இல்லாத டயர். ரிம்மும் டயரும் அதற்கேற்றவையாக, ரிம் டேப் (ரிம்மின் உள்பக்கம் ஒட்டும் நாடா) கிழியாமல் இருக்க வேண்டும். 29 அங்குலம், 2.3 அகல டயருக்கு 100 முதல் 120 மில்லி சீலண்ட் (துளையை அடைக்கும் திரவம்). வால்வின் உள்ஊசியைத் திருகி எடுத்து, வால்வைக் கடிகார முள்ளின் 4 மணி நிலையில் வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் ஏற்றுங்கள். காற்றடித்தபின் சக்கரத்தைச் சுழற்றி, இரு பக்கமும் ஐந்தைந்து நிமிடம் படுக்க வையுங்கள். 75 கிலோ எடையுள்ளவருக்குக் காற்றழுத்தம் முன்பக்கம் 1.5 பார், பின்பக்கம் 1.7 பாரில் தொடங்கலாம்.

பலர் தோற்பது இதற்கப்புறம்தான். இந்த ஊர் வெக்கையில் சீலண்ட் இரண்டு மூன்று மாதத்தில் வற்றிவிடும். சக்கரத்தைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். சளசளவென்ற சத்தம் கேட்காவிட்டால் 60 மில்லி சேருங்கள். பாதையில் முள் குத்தினால் பிடுங்கிவிட்டு, துளை கீழே வரும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்துங்கள். ட்யூப் ஓட்டுபவர்கள், காற்று இறங்காதவரை, முள்ளை வீட்டில் போய்ப் பிடுங்குவதே நல்லது.

கே: குழுவிலேயே நான்தான் மெதுவு. எல்லோரும் எனக்காகக் காத்திருப்பது கூச்சமாக இருக்கிறது. (வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் அல்லம்மா, வழி நடத்துபவர். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் போகிறவருக்கு அடுத்தவர் நின்று வழி காட்ட வேண்டும். கடைசி ஆள் வந்ததும் அவருக்கு முன்னே சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்தில் நிற்பது வேறொருவர். ஒருவரும் வழி தவற மாட்டார்கள், ஒருவரே எப்போதும் காத்திருக்கவும் மாட்டார். நிற்பவர் கடைசி ஆளைக் கண்ணால் காணாமல் கிளம்பினால் இந்த முறை அங்கேயே உடைந்துவிடும்.

இன்னொன்று கேட்டு வாங்குங்கள். நீங்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் பெடலை மிதித்தால், வேகமானவருக்கு ஐந்து நிமிட ஓய்வு, மெதுவானவருக்கு ஒன்றுமில்லை. நீங்கள் வந்தபின் இரண்டு நிமிடம் என்று கணக்கு வையுங்கள். களைத்துவிட்டால் இருட்டில் தனியாகத் திரும்பாதீர்கள். கொள்ளை பயம் இங்கே சும்மா சொல்வதல்ல. ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். அவசரமென்றால் கைப்பேசியில் 112, ஆம்புலன்ஸுக்கு 10177.

கே: புரட்டாசியில் கவிச்சி கிடையாது. இரண்டு மணி நேரம் ஓட்டத் தெம்பு இருக்குமா? (வாசகர், டொங்காட்)

தாராளமாக. சவாரிக்கு எரிபொருள் சோறும் ரொட்டியும்தான், கறி அல்ல. கிளம்ப மூன்று மணி நேரம் முன்பு பருப்புச் சோறு, அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம், மணிக்கு அரை லிட்டர் தண்ணீர். விரதத்தில் ஒருவேளைதான் சாப்பிடுவீர்கள் என்றால் அன்று மட்டும் பாதித் தூரத்தில் திரும்பிவிடுங்கள்.

கே: புல்வெளி வழியாகப் போய்வந்து ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், கடும் தலைவலி, முழங்காலுக்குப் பின்னால் கறுப்புப் பொருக்கு. (வாசகர், வெருலம்)

உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மாத்திரை கொடுத்தால் கேட்கும் நோய்தான். தள்ளிப்போடாமல் டாக்டரிடம் பொருக்கைக் காட்டி, புல்லில் போனதையும் சொல்லுங்கள். இனிமேல் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை, அக்குள் மூன்றையும் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் எண்ணெயோ நெருப்போ வைக்காமல், சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.