மௌனக் கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில், லங்காஷயரில் இருக்கிறோம். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கூட்டத்துக்குப் போகிறேன். பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, ஒரு மணி நேர மௌனம், அதுதான் பிடித்துப்போனது. இப்போது கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சொன்னபோது, "உங்களை ஒளியில் ஏந்திக்கொள்கிறோம்" என்றார்கள் (ஜெபிக்கிறோம் என்பதை அப்படித்தான் சொல்வார்கள்), டீ கொடுத்தார்கள். ஒருவரும் வீட்டுப் படியேறவில்லை. குவேக்கர்களுக்கு 'நண்பர்கள் சங்கம்' என்று பெயர் வேறு!
(பெயர் வேண்டாம்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, சகோதரி. ஆனால் கல்நெஞ்சக்காரர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். கூப்பிடாமல் அடுத்தவர் கதவைத் தட்டக் கூசுகிறவர்கள் அங்கே நிறையப் பேர். அந்தக் கூச்சம் மௌனத்தோடு கலந்து, அதுவே குவேக்கர் குணம்போல் ஆகிவிட்டது.

ஆரம்பம் அப்படியில்லை. அதுவும் உங்கள் பக்கத்தில்தான். 1652இல், குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் பெண்டில் மலையேறி இறங்கி, ஸ்வார்த்மோர் ஹாலுக்கு வந்து சேர்ந்தார். அந்த வீட்டு அம்மா மார்கரெட் ஃபெல், இரண்டே வருடத்தில் கெண்டாலில் ஒரு நிதி தொடங்கினார். ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யப் போன குவேக்கர்களுக்கும், நம்பிக்கைக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கும் அதிலிருந்து பணம் போனது. துணிமணி, காலணி வாங்கிக் கொடுத்ததெல்லாம் கணக்கில் ஏறியது. ஒளியில் ஏந்துவதில் அன்று செருப்பு வாங்கித் தருவதும் அடக்கம்.

வழக்கம் உள்ளே இருந்ததை விழுங்கியது பிறகுதான். பெரிய மனிதர்களையும் 'நீ' என்றே அழைத்து அடி வாங்கியவர்கள் இவர்கள். ஊரெல்லாம் 'நீங்கள்' என்று பேசத் தொடங்கிய பின்னும் 'நீ'யை விடவில்லை. சமத்துவத்துக்கு வந்த சொல் 'நாங்கள் வேறு' என்பதற்கு அடையாளமானது. உடுப்பிலும் இதே கதை. எல்லோரும் ஒரே உடை, ஒரே நிறம் என்ற பேச்சு வந்தபோது, 80 வயதைத் தாண்டிய மார்கரெட் 1700இல் அதை 'அசட்டுச் சுவிசேஷம்' என்று எழுதினார். கிழவிக்கு வாய் நீளம், நல்லவேளை.

சரி, வரும் ஞாயிறு என்ன செய்வது? மௌனத்தை முடிக்கும் கைகுலுக்கல் ஆனபின் அறிவிப்புகள் வரும்போது எழுந்திருங்கள். 'கஷ்டமாக இருக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் திரும்பவும் ஒளிதான் கிடைக்கும். "செவ்வாய் காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்ட ஆள் வேண்டும், யார் வருகிறீர்கள்?" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். எல்லோர் முன்னும் நா எழவில்லையா? உறுப்பினர் நலனைக் கவனிக்கவென்றே நியமித்த ஆள் இருப்பார். அவரைத் தனியே பிடியுங்கள்.

அப்புறம் ஒன்று, குத்திக்காட்டவில்லை: இந்த மூன்று வருடத்தில் அவர்களில் யார் வீட்டுக்காவது நீங்கள் போனதுண்டா? கேட்டும் ஒருவரும் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். அப்போது நானும் வேறு மாதிரிப் பேசுவேன்.