13.5 லட்சத்துக்கு ஒரு ஸ்டீல் வாட்ச்: இப்போதே வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 1,65,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 48,000, குடும்பச் செலவு 68,000, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. 20,000. வங்கி டெபாசிட்டில் 14 லட்சம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை இரண்டரை லட்சம் அளவுக்கு போனஸ் வரும். மனைவி, நான்காம் வகுப்பு படிக்கும் மகள், ஊரில் 70 வயதைத் தாண்டிய அப்பா, அம்மா. ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் கம்பெனி கொடுத்தவைதான்; மருத்துவக் காப்பீட்டில் பெற்றோர் இல்லை.

கல்லூரிக் காலத்திலிருந்தே ரோலெக்ஸ் சப்மரைனர் மேல் ஆசை. 40-வது பிறந்தநாளுக்கு வாங்கிவிட நினைக்கிறேன். ஷோரூமில் தேதி காட்டும் மாடல் 11 லட்சத்தை ஒட்டி வருகிறது. ஆனால் காத்திருக்க வேண்டுமாம். மும்பை டீலர் ஒருவர் 13.5 லட்சத்துக்கு உடனே தருகிறார். அதில் 6 லட்சத்தை ரொக்கமாகக் கேட்கிறார். "தங்கம் மாதிரிதான், விலை இறங்கவே இறங்காது" என்கிறார் என் மைத்துனர். துபாயில் இருக்கும் நண்பர், தன் கையில் கட்டிக்கொண்டு வந்து தந்துவிடுவதாகச் சொல்கிறார். வங்கியும் 12 சதவீதத்தில் பர்சனல் லோன் தரத் தயார். தேதி இருக்கும் மாடலா, இல்லாததா என்பதிலும் குழப்பம். என்ன செய்யலாம்?

பதில்: வாங்குங்கள். ஆனால் இந்த வருடம் வேண்டாம். அந்த மும்பை டீலரிடம் எந்த வருடமும் வேண்டாம்.

உழைத்துச் சம்பாதித்த பணத்தில், இருபது வருடமாக மனதில் வைத்திருந்த ஒரு பொருளை வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். என் கவலையெல்லாம் உங்கள் மைத்துனர் சொன்ன வார்த்தையில்தான். 'செலவு' என்று நினைத்து வாங்கினால் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பீர்கள். 'முதலீடு' என்று நினைத்துவிட்டால் கடன் வாங்கியாவது வாங்கத் தோன்றும். டெபாசிட்டை உடைத்தாலும் மனசு உறுத்தாது. 13.5 லட்சம் என்பது உங்கள் டெபாசிட்டில் கிட்டத்தட்ட முழுத்தொகை. முதலீடு என்று நம்பாமல் இருந்திருந்தால் இந்த யோசனையே உங்களுக்கு வந்திருக்காது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1953-ல் சப்மரைனர் வந்தபோது அது கடலில் மூழ்கி வேலை செய்பவர்களுக்கான கருவி; 100 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்பதுதான் அதன் பெருமை. ஸ்டீல் கடிகாரத்துக்குத் தங்கக் கடிகாரத்தின் விலை வைக்கலாம் என்று துணிந்தது 1972-ல் ஆடமார் பிகே நிறுவனம். ஜெரால்ட் ஜென்டா வரைந்து கொடுத்த ராயல் ஓக்கை 3,300 சுவிஸ் ஃபிராங்க் விலையில் கொண்டுவந்தார்கள். அதே ஜென்டாவின் வடிவமைப்பில் 1976-ல் படேக் பிலிப் நிறுவனத்தின் நாட்டிலஸ் வந்தது. உற்பத்தி அளவோடு நடக்கும், கேட்பவர்கள் உலகம் முழுக்க இருப்பார்கள் என்ற நிலை வந்த பிறகு, ஷோரூம் விலையைவிட வெளிச்சந்தை விலை ஏறத் தொடங்கியது.

2017 அக்டோபரில், நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. "கடிகாரம் தங்கம் மாதிரி" என்று சொல்பவர்கள் எல்லோரும் கையில் எடுக்கும் உதாரணம் இது. அந்த விலை கிடைத்தது நியூமனின் மணிக்கட்டுக்கும், அவர் மனைவி பின்பக்கம் பொறித்துக் கொடுத்த வாசகத்துக்கும், ஸ்டீலுக்கு இல்லை. 2021 டிசம்பரில் அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனியின் நீல நிற டயல் கொண்ட நாட்டிலஸ் 65 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது அறப்பணிக்கு நிதி திரட்ட நடந்த விற்பனை. அந்த மாடலில் மொத்தமே 170 கடிகாரங்கள்தான் செய்தார்கள்.

அதற்கு அடுத்து நடந்ததைத்தான் உங்கள் மைத்துனர் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் உலகமெங்கும் மலிவாகப் பணம் புழங்கியது. கிரிப்டோவில் சம்பாதித்தவர்கள் கடிகாரங்களை வாங்கிக் குவித்தார்கள். 2022 தொடக்கத்தில் ஸ்டீல் டேடோனாவின் வெளிச்சந்தை விலை பட்டியல் விலையைப் போல மூன்று மடங்கைத் தொட்டது. அந்த வருடமே வட்டி விகிதம் ஏற ஆரம்பித்தது, கிரிப்டோ சரிந்தது, கடிகார விலைகளும் சரிந்தன. உச்சத்தில் வாங்கியவர்கள் இன்றும் நஷ்டத்தில்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஷோரூம் விலைக்கு வாங்கியவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. 13.5 லட்சம் கொடுத்தால் நீங்கள் முதல் கூட்டத்தில் சேர்கிறீர்கள். முதல் நாளே இரண்டரை லட்சம் கூடுதல்.

சந்தேகமாக இருந்தால் அந்த டீலரிடமே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதே கடிகாரத்தை ஆறு மாதம் கழித்து, பெட்டி, பேப்பரோடு நானே கொண்டுவந்தால் எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வீர்கள்? எழுதித் தருவீர்களா?" தங்கத்துக்கு அன்றைய ரேட் என்று ஒன்று உண்டு, எந்த ஊர்க் கடைத்தெருவிலும் விற்கலாம். கடிகாரத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. ஒரு கீறல் இருக்கிறதா, பாலிஷ் போட்டார்களா, உத்தரவாத அட்டை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் குறைப்பார்கள். அவசரத்துக்கு விற்கப் போகிறவரிடம் இன்னும் குறைப்பார்கள்.

விலை இறங்க இந்தியாவிலேயே இன்னொரு காரணம் உருவாகியிருக்கிறது. ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம், 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. கைக்கடிகாரங்கள் மீது இருந்த 20 சதவீத அடிப்படைச் சுங்க வரி, சுவிஸ் கடிகாரங்களுக்குப் படிப்படியாகக் குறைகிறது. கம்பெனிகள் தங்கள் பங்குக்கு விலையை ஏற்றும் என்பதால், இதன் முழுப் பலனும் வாங்குபவருக்கு வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் புதுக் கடிகாரத்தின் வரி இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், பழைய வரிக் கணக்கில் வந்த கடிகாரத்தைக் கூடுதல் விலைக்கு வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

ரொக்க விஷயத்துக்கு வருகிறேன். ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாய், அல்லது அதற்கு மேல் விற்பவர் ரொக்கமாகப் பெற வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அபராதம் ரொக்கத்தைப் பெற்றவருக்குத்தான், உங்களுக்கு என்ன என்று தோன்றலாம். உங்கள் பில்லில் ஏழரை லட்சம்தான் இருக்கும். நாளைக்குத் திருடு போனால் காப்பீட்டு நிறுவனம் அந்தப் பில்லைத்தான் பார்க்கும். கடிகாரம் போலி என்று தெரியவந்தால் 6 லட்சத்துக்கு உங்களிடம் எந்த ஆதாரமும் இருக்காது. இப்போது வரும் போலிகளில் உள்ளே இருக்கும் இயந்திரம்வரை நகலெடுக்கிறார்கள். உத்தரவாத அட்டையையும் சேர்த்தே அச்சடிக்கிறார்கள். போட்டோ பார்த்து நம்பி ரொக்கம் கொடுப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

துபாய் நண்பரின் உதவியை நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வரிவிலக்கு வரம்பைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருள் அது. விமான நிலையத்தில் சுங்கத்துறையின் சிவப்பு வழியில் சென்று அறிவித்து, வரி கட்டினால்தான் சட்டப்படி சரி. அறிவிக்காமல் கையில் கட்டிக்கொண்டு வந்தால், அதற்குக் கடத்தல் என்று பெயர். பிடிபட்டால் கடிகாரம் பறிமுதலாகும், நண்பரின் பாஸ்போர்ட் விவரம் பதிவாகும். அவர் வேலை அந்த ஊரில் இருக்கிறது; உங்கள் ஆசைக்காக அவரை அதில் மாட்டிவிடக் கூடாது.

லோன் கணக்கு எளிது. 12 சதவீதத்தில் 10 லட்சம், மூன்று வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 33,200 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 1,96,000. உங்கள் செலவெல்லாம் போக மிஞ்சுவது மாதம் 29,000. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இனி நீங்கள் கேட்காத விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது கடிகாரம் இல்லை. வீட்டுக் கடன், பத்து வயதுகூட ஆகாத மகள், வயதான பெற்றோர் என்று இத்தனை பொறுப்புகளோடு, வேலை போனால் கூடவே போய்விடும் காப்பீட்டை நம்பி நீங்கள் இருப்பது. முதலில் சொந்தமாக ஒரு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுங்கள். 2 கோடிக்குக் குறையாமல். தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. அடுத்து அப்பா, அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு. 65 வயதுக்கு மேல் புதிதாக பாலிசி எடுக்க முடியாது என்ற நிலை 2024-ல் மாறிவிட்டது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 36 மாதம்தான். பிரீமியம் கனமாகத்தான் இருக்கும். ஆனாலும் எடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து மாதம் 9,000 ஒதுக்கினால் மீதி 20,000.

டெபாசிட்டில் இருக்கும் 14 லட்சத்தைப் பிரிப்போம். தவணையும் வீட்டுச் செலவும் சேர்த்து மாதம் 1,16,000 ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஏழு லட்சம். இதைத் தொடவே கூடாது. பெற்றோரின் காத்திருப்புக் காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் சமாளிக்க 3 லட்சம். மீதி 4 லட்சம், இதுதான் இன்றைக்கு உங்கள் கடிகாரப் பணம்.

அதைத் தனி டெபாசிட்டாகப் போட்டுவிட்டு, மாதம் 20,000 ஆர்.டி. தொடங்குங்கள். இரண்டு வருடத்தில் 4,80,000 சேரும். இரண்டு போனஸிலும் பாதிப் பாதி எடுத்தால் இன்னும் 2,50,000. வட்டியோடு 12 லட்சத்தை நெருங்கிவிடுவீர்கள். ரோலெக்ஸ் வழக்கமாக வருடா வருடம் விலை ஏற்றும். அதற்கும் இதில் இடம் இருக்கிறது. மகளின் படிப்புக்காக ஓடும் எஸ்.ஐ.பி.யை ஒரு ரூபாய்கூடக் குறைக்க வேண்டியதில்லை. 40-வது பிறந்தநாள் 42-வது ஆகும். அது வருத்தம்தான், எனக்குப் புரிகிறது.

ஆனால் காத்திருப்பு எப்படியும் இருக்கிறது. இந்த வாரமே அதிகாரபூர்வ ஷோரூமுக்குப் போய், எந்த மாடல் வேண்டும், எதற்காக வாங்குகிறீர்கள் என்று சொல்லிப் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். பதிவதற்குப் பணம் கிடையாது. நடுநடுவே போய் முகம் காட்டுங்கள். "வேறு ஒரு வாட்ச், கொஞ்சம் நகை வாங்கினால் சீக்கிரம் கிடைக்கும்" என்ற தொனியில் யாராவது பேசினால், சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். வேண்டாத பொருளுக்குக் கொடுக்கும் பணமும் கூடுதல் விலையில்தான் சேரும். காத்திருக்கும்போது மனம் மாறினால், ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300-ஐயும் கையில் கட்டிப் பாருங்கள்; சப்மரைனரைவிட விலை குறைவு, வரிசையும் இல்லை. மறுவிற்பனையில் விலை இறங்கும். விற்கும் எண்ணமே இல்லாதவருக்கு அது ஒரு பொருட்டில்லை.

வாங்கும் நாளில் முழுத்தொகையும் வங்கி வழியாகப் போகட்டும். பான் எண் கொடுங்கள். பில்லிலும் உத்தரவாத அட்டையிலும் இருக்கும் சீரியல் எண் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். உத்தரவாதம் ஐந்து வருடம். சர்வீஸ் சுமார் பத்து வருடத்துக்கு ஒருமுறை என்கிறது கம்பெனி. அப்போது செலவு ஐந்து இலக்கத்தில் வரும். வீட்டு உடைமைக் காப்பீட்டில் இதைத் தனியாகக் குறிப்பிட்டு, வெளியே கட்டிச் செல்லும்போதும் பாதுகாப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் நாம் பறிகொடுப்பது வீட்டுக்கு வெளியில்தான்.

ஒருநாள் விற்க நேர்ந்தால்: ரத்தினமோ தங்கமோ இல்லாத ஸ்டீல் கடிகாரம், சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தால், தனிப்பட்ட உடைமைக் கணக்கில் வரும்; லாபத்துக்கு மூலதன ஆதாய வரி பொதுவாக இல்லை. நஷ்டம் வந்தால் அதை வேறு லாபத்தில் கழிக்கவும் முடியாது. வாங்கி வாங்கி விற்றால் அது வியாபாரம், வரி உண்டு.

கடைசியாக, தேதி இருப்பதா, இல்லாததா? இரண்டுக்கும் ஒரே 41 மில்லிமீட்டர் அளவு, ஒரே 300 மீட்டர் ஆழம், சாவி கொடுக்காமல் ஓடும் நேரமும் ஒரே 70 மணி. தேதி இல்லாததன் விலை குறைவு. 2025 ஏப்ரல் 22 முதல், 10 லட்சத்துக்கு மேல் போகும் கைக்கடிகாரத்துக்குக் கடைக்காரர் உங்களிடம் ஒரு சதவீதம் டி.சி.எஸ். (உங்கள் வருமான வரிக்கான முன்பணம்) வசூலித்துக் கட்ட வேண்டும். அது கூடுதல் செலவு இல்லை. வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து போகும். பில் தொகை 10 லட்சத்துக்குள் இருந்தால் அதுவும் இல்லை. தேதி பார்க்கக் கைப்பேசி இருக்கிறது என்பவராக நீங்கள் இருந்தால் தேதி இல்லாததையே பதியுங்கள். மிச்சமாகும் தொகையில் முதல் வருடக் காப்பீட்டைக் கட்டிவிடலாம்.