தொடர் விடுமுறை வந்தாலே கிரெடிட் கார்டைத் தேய்க்கிறோம், என்ன செய்வது?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு 10 வயது, 7 வயது. பொது விடுமுறை சனி, ஞாயிறோடு சேர்ந்து வந்தால் உடனே எங்காவது கிளம்பிவிடுவோம். போன வருடம் நான்கு பயணம், நான்குமே கிரெடிட் கார்டில். எங்கள் இருவரின் ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு இன்னும் நிலுவை இருக்கிறது. மாதம் 3 விழுக்காடு வட்டி. குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காடு மட்டும் கட்டி வருகிறோம். இனி லீவுக்கு வீட்டிலேயே இருக்கலாம் என்கிறார் கணவர். வீட்டில் இருந்தாலும் செலவு குறைந்தபாடில்லை. கூடப் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் ஊர் ஊராகப் போகும்போது என் பிள்ளைகள் மட்டும் அடைந்து கிடப்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. அடுத்த மாத விடுமுறைக்கும் அறை முன்பதிவு செய்துவிட்டேன். என்ன செய்யட்டும்?

பதில்: பிள்ளைகளை நினைத்து நீங்கள் படும் வருத்தம் நியாயமானது. பயணம் தேவையற்ற ஆடம்பரம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் போவதா இருப்பதா என்ற பேச்சுக்கு முன்னால், அந்தக் கார்டை முதலில் பார்த்துவிடுவோம்.

மாதம் 3 விழுக்காடு வட்டி ஏறி, அதன்மேல் 5 விழுக்காடு மட்டும் கட்டினால், இன்று 100 பங்காக இருக்கும் கடன் ஒரு வருடம் கழித்தும் 77 பங்காக இருக்கும். பாதியாகக் குறையவே 32 மாதம் ஆகும். உங்கள் மூத்த பிள்ளைக்கு அப்போது 12 வயது தாண்டியிருக்கும், போன வருடப் பயணத்துக்கு நீங்கள் இன்னும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. பழைய நிலுவை இருக்கும்போது அதே கார்டில் புதிதாகப் போடும் செலவுக்குப் பொதுவாக வட்டியில்லா நாட்கள் கிடைக்காது, தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஆக, அடுத்த மாத அறை வாடகை நீங்கள் பார்த்த விலையில் முடியாது.

சரி, இதிலிருந்து எப்படி வெளியே வருவது? குறைந்தபட்சத் தொகையை மறந்துவிடுங்கள். இருவர் சம்பளத்தையும் கூட்டி, அதில் ஐந்தில் ஒரு பங்கை மாதாமாதம் கார்டுக்குக் கட்டினால் 6 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். அவ்வளவு முடியாது, பத்தில் ஒரு பங்குதான் முடியும் என்றால் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். இந்தக் காலத்தில் அந்தக் கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டு எல்லாச் செலவையும் கையில் இருக்கும் பணத்தில் செய்யுங்கள். எங்காவது குறைந்த வட்டிக்குத் தனிநபர் கடன் கிடைத்தால் அதை வாங்கி இதை அடைக்கலாம். ஆனால் அடைத்த பிறகு கார்டு காலியாக இருக்கிறதே என்று மறுபடி தேய்த்தால் இரண்டு கடன் ஆகிவிடும். அந்தக் கட்டுப்பாடு இருக்கும் என்று இருவருக்கும் உறுதியாகத் தோன்றினால் மட்டும் இந்த வழி.

அப்புறம், வீட்டில் இருந்தாலும் செலவு குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது ரொம்பச் சரியான கவனிப்பு. திட்டமில்லாமல் வீட்டில் இருக்கும் மூன்று நாளும் சும்மா போகாது. மதியம் சமைக்கச் சலிப்பாக இருக்கும், ஆர்டர் போடுவோம். சாயங்காலம் பிள்ளைகள் நச்சரிக்கும், கடைத்தெருவுக்குக் கிளம்புவோம். இரவில் போனைத் தள்ளிக்கொண்டே இருந்து எதையாவது வாங்குவோம். ஒவ்வொன்றும் சின்னத் தொகை என்பதால் இதையெல்லாம் விடுமுறைச் செலவு என்று யாரும் எழுதிவைப்பதில்லை. அடுத்த முறை மூன்று நாளுக்கும் சேர்த்து ஒரு தொகையைக் கவரில் போட்டு மூத்த பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். என்ன செய்யலாம், எது வேண்டாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். 10 வயதுப் பிள்ளைக்கு அது தாராளமாக முடியும். ஒரு நாளையாவது நீங்கள் இருவரும் போனை எடுக்காத நாளாக வையுங்கள். ஓய்வு கிடைக்காத வீட்டிலிருந்துதான் எல்லோரும் எங்காவது ஓடத் துடிக்கிறார்கள் என்பது இத்தனை வருடத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது.

கடன் தீர்ந்ததும் பயணம் போங்கள். நான்கு வேண்டாம், ஒன்று போதும். 2010-ல் நெதர்லாந்தில் 1,530 பேரிடம் எடுத்த ஓர் ஆய்வு வெளியானது. விடுமுறைப் பயணம் போகவிருந்தவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள், அதுவும் கிளம்புவதற்கு முன்னால். திரும்பி வந்த பிறகு பெரிய வித்தியாசம் தெரியவில்லை, மிக நிம்மதியாக ஓய்வெடுத்து வந்தவர்களைத் தவிர. வாரக் கடைசியில் முடிவெடுத்து மறுநாள் பெட்டி கட்டுகிற நான்கு பயணத்தில் இந்த எதிர்பார்ப்புக்கு இடமே இல்லை. ஆறு மாதம் முன்பே தேதி குறித்த ஒரு பயணத்தை உங்கள் பிள்ளைகள் ஆறு மாதமும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பணக் கணக்கும் அதையே சொல்கிறது. விமான நிறுவனங்கள் ஒரே வகுப்பு இருக்கைகளையே பல விலைப் படிகளாகப் பிரித்து வைக்கின்றன. மலிவான படி தீர்ந்ததும் அடுத்த படி திறக்கும். விடுமுறை நாளில் எல்லோரும் ஒரே மாலையில் கிளம்பி ஒரே இரவில் திரும்புவதால் மேல்படியின் விலைதான் கடைசியில் வருகிறவருக்கு மிஞ்சும். தங்கும் விடுதிகளும் அப்படித்தான். அதனால் பொது விடுமுறையை விட்டுவிட்டு, பள்ளியின் நீண்ட விடுமுறைக்குள் ஒரு செவ்வாயில் கிளம்பி வெள்ளிக்குள் திரும்புகிற மாதிரி உங்கள் சொந்த லீவைப் போடுங்கள். நெரிசலும் குறையும், அதே ஊருக்குக் குறைந்த செலவில் போய்வரலாம். கார்டுக்குக் கட்டிய ஐந்தில் ஒரு பங்கில் பாதியைத் தனிச் சேமிப்புக் கணக்கில் தொடர்ந்து போடுங்கள். ஆறு மாதத்தில் ஒரு மாதச் சம்பளத்தின் 60 விழுக்காடு சேரும். எந்த ஊர் என்பதை அந்தத் தொகை முடிவு செய்யட்டும்.

டிக்கெட் விஷயத்தில் நானே சூடு பட்டவன். என் மகளுக்கு 6 வயதாக இருந்தபோது, மலிவு என்று பணம் திரும்பாத டிக்கெட்டாகப் போட்டேன். கிளம்பும் காலை அவளுக்குக் காய்ச்சல். நான்கு டிக்கெட்டும் போயிற்று. அதன் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுப் பணமும் திரும்பும் டிக்கெட் 15 விழுக்காடு விலை கூடுதல் என்றால், ஏறக்குறைய எட்டுப் பயணத்தில் ஒன்று தடைபட்டாலே இரண்டும் சமம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எட்டில் ஒன்று தடைபடுவது சாதாரணம்.

கடைசியாக, அடுத்த மாத அறை. முன்பதிவு மின்னஞ்சலை இன்றே திறந்து, கட்டணமில்லாமல் ரத்து செய்யக் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். நாள் இருந்தால் ரத்து செய்துவிடுங்கள். தேதி தாண்டியிருந்து, கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள் என்றாலும் ரத்துதான் லாபம், ஏனென்றால் போக்குவரத்து, சாப்பாடு, சுற்றிப் பார்ப்பது எல்லாம் இனிமேல்தான் கார்டில் ஏறப்போகிறது. திரும்பி வரும் பணம் கார்டுக்கே போகட்டும். பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த மாதம் போகப் போகிறோம் என்பதையும் அப்போதே நாட்காட்டியில் அவர்கள் கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள்.